ஓய்ந்த பொறியின் உழைப்பு யாருக்கு?

"சும்மாதானே கிடக்கிறது!"

இந்த ஒரு சொல்லை உழைப்பவன் காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறான். அறுவடை முடிந்து மாடு கொட்டிலில் நின்றால், "சும்மாதானே நிற்கிறது, என் வண்டியில் பூட்டு" என்றார் பண்ணையார். பள்ளி விட்டு வந்த பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தால், "சும்மாதானே இருக்கிறான், எருமையை ஓட்டிவிடச் சொல்" என்றார். சங்கு ஊதியபின் தொழிலாளி ஆலை வாயிலை நோக்கி நடந்தால், "வீட்டுக்குப் போய்ச் சும்மாதானே இருப்பாய், இன்னும் அரை மணி நின்றுவிட்டுப் போ" என்றார் மேஸ்திரி. எது சும்மா கிடக்கிறது என்று தீர்ப்புச் சொன்னவர் எப்போதும் எடுத்துக்கொள்பவர்தான், கொடுப்பவர் அல்லர்!

அந்தப் பழைய சொல் இன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு இணையத்தின் வழியாக வந்திருக்கிறது. மாட்டைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கவில்லை, வீட்டு மேசையில் இருக்கும் கணிப்பொறியைக் கேட்கிறது. "உங்கள் பொறி பெரும்பாலான நேரம் சும்மாதானே இருக்கிறது, அதன் உபரி ஆற்றலைக் கொடுங்கள்" என்கிறது. கொடுக்கலாமா? விற்கலாமா? விற்பதென்றால் விலையை யார் வைப்பது? தராசு யார் கையில் இருப்பது?

"கணிப்பொறிக்காரர் கவலை நமக்கெதற்கு?" என்று ஆலைத் தோழர் கேட்கக்கூடும். 2011-ல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் எத்தனையோ உழைப்பாளி இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன. சட்டைப் பையில் இருக்கும் கைபேசியும் ஒரு கணிப்பொறிதான். பொறி நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் உழைப்பு யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

பீடிக் கட்டும் கணக்குக் கட்டும்

கணிப்பொறி விநாடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட வல்லது. நாம் அதில் ஒரு மனு எழுதும்போதும் ஒரு செய்தி படிக்கும்போதும் அந்தத் திறனில் மிகச் சிறு பகுதியே செலவாகிறது. மீதி வீணே கிடக்கிறது. பெரிய லாரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வருவதுபோல!

மற்றொரு பக்கம், விஞ்ஞானிகளிடமும் கம்பெனிகளிடமும் மலைமலையாகக் கணக்குகள் இருக்கின்றன. ஒரு பொறியில் போட்டால் பல நூறு ஆண்டு பிடிக்கக்கூடிய கணக்குகள் அவற்றில் உண்டு. இந்த இரண்டையும் இணைத்தால் என்ன என்று பிறந்ததுதான் இந்த யோசனை.

பீடித் தொழிலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் வேண்டாம். ஆயிரம் பேரை உட்கார வைக்க முதலாளி கட்டடம் கட்டுவதில்லை. இலையையும் தூளையும் நிறுத்து வீடு வீடாகக் கொடுக்கிறார். சுற்றிய கட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்கிறார். இடமும் விளக்கும் சுற்றுகிற பெண்ணின் பொறுப்பு. கணக்குத் தொழிலும் அப்படியே. மாபெரும் கணக்கொன்றை லட்சக்கணக்கான துண்டுகளாக நறுக்கி இணையத்தின் வழியே வீடு வீடாக அனுப்புகிறார்கள். வீட்டுப் பொறி ஓய்ந்திருக்கும் நேரத்தில் தனக்கு வந்த துண்டைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. விடை சரிதானா என்று அறிய, ஒரே துண்டை இரண்டு மூன்று வீடுகளுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

முறை நல்ல முறை. அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. அந்த முறை யார் கையில், என்ன நிபந்தனையில் நடக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

கேட்டுக் கொடுத்த காலம்

1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர், 'கிம்ப்ஸ்' என்ற பெயரில், மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் முயற்சி ஒன்றைத் தொடங்கினார். ஆர்வமுள்ளவர்கள் தங்கள் பொறிகளைத் தந்தார்கள். இன்றும் தருகிறார்கள். 2024 அக்டோபரில் அந்த வழியில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்!

1999 மே 17 அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்திலிருந்து 'செட்டி அட் ஹோம்' புறப்பட்டது. விண்வெளியில் வேறெங்கேனும் அறிவுள்ள உயிர்கள் இருந்து வானொலி அலை அனுப்புகின்றனவா என்று தேடும் திட்டம் அது. போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோவில், 305 மீட்டர் அகலமுள்ள மாபெரும் தொலைநோக்கி வானத்து இரைச்சலைப் பிடித்தது. அதை நாடாக்களில் பதிந்து பெர்க்கிலிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கே அதைத் துண்டு போட்டார்கள். ஒரு துண்டு என்பது ஏறத்தாழ 107 விநாடிப் பதிவு. அந்தத் துண்டுகள் உலகெங்கும் போயின.

எத்தனை பேர் முன்வந்தார்கள் தெரியுமா? 50 லட்சத்துக்கு மேல்! கூலி என்ன? மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். வேற்றுலகக் குரல் என்று உறுதி செய்யத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 2020 மார்ச் 31-உடன் துண்டுகள் அனுப்புவதும் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 1-ல் அரெசிபோத் தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. ஆனால் முயற்சி வீணாகிவிடவில்லை. திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் ஆண்டர்சனின் குழு, மற்ற ஆராய்ச்சிகளும் இதே முறையைக் கையாளும்படி 'பாய்ங்க்' என்ற மென்பொருளை ஆக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக விட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே 2000-ல் தொடங்கிய 'ஃபோல்டிங் அட் ஹோம்' இன்னொரு சான்று. உடலில் உள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, மடிப்புப் பிசகினால் என்ன நோய் வருகிறது என்று ஆராய்வது அது. 2020-ல் கொரோனா உலகைக் கதவடைக்க வைத்தபோது, வீட்டுக்குள் முடங்கிய மக்கள் தங்கள் பொறிகளை இந்தப் பணிக்குத் திறந்து விட்டார்கள். அந்த மார்ச் மாதத்திலேயே அந்தக் கூட்டு ஆற்றல் விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகள் என்ற அளவைத் தாண்டியது. அன்றைக்கு எந்த அரசிடமும் இருந்த எந்தத் தனி மாபெரும் கணிப்பொறியும் தொடாத அளவு! கொள்ளைநோயை எதிர்த்துச் சாதாரண மக்களின் ஓய்ந்த பொறிகள் அணிவகுத்து நின்றன.

இதைக் கொடை என்போம், போற்றுவோம். கேட்டார்கள், கொடுத்தார்கள். எதற்கென்று சொன்னார்கள், அதற்கே பயன்படுத்தினார்கள். வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். வயலில் ஒருவருக்கொருவர் கைமாற்றாக வேலை செய்து கொடுக்கும் பண்பு அதில் இருந்தது.

கடை விரித்த கதை

லட்சம் லட்சமாக மக்கள் சும்மா கொடுப்பதைக் கண்டதும் வணிகரின் கண் விரிந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கடைகள் முளைத்தன. பாப்புலர் பவர், என்ட்ரோப்பியா, யுனைட்டெட் டிவைசஸ் என்று பெயர்கள் கேட்டன. மக்களிடம் உபரி ஆற்றலைத் திரட்டுவது, கம்பெனிகளுக்கு விற்பது, இதுதான் திட்டம். பொறி தந்தவர்களுக்குப் பணம் தருவோம் என்றது பாப்புலர் பவர்.

பணம் வந்ததா? 2001 மார்ச்சில் அந்தக் கடையே மூடப்பட்டது! ஆற்றலை விற்க லட்சம் பேர் கிடைத்தார்கள். வாங்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கம்பெனிகள் தங்கள் இரகசியக் கணக்கை முகமறியா வீடுகளுக்கு அனுப்ப அஞ்சின. ஒரே வேலையைச் சரிபார்ப்பதற்காக இரண்டு முறை செய்ய வேண்டியிருந்ததால் செலவு கூடிற்று. அன்றைய இணையம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. வீட்டுக்காரருக்குச் சேரவேண்டிய தொகையோ சில்லறை. அதை அனுப்புகிற செலவு அதைத் தின்றுவிடும்.

நேர்மையாகக் கடை விரித்தவரின் கதை இது. விற்பனை ஆகவில்லை, போகட்டும். இனி வேறொரு வகையினரைக் காண்போம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

ஜூனோ என்றொரு கம்பெனி. அமெரிக்க மக்களுக்கு இலவசமாக இணைய இணைப்புக் கொடுத்தது. பணமில்லாதவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 2001-ன் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி தன் ஒப்பந்தத்தில் புதிய விதிகளைச் சேர்த்தது. கம்பெனி அனுப்பும் கணக்கு மென்பொருள் சந்தாதாரரின் பொறியில் ஓடும். அதை அவர் அகற்றக் கூடாது. தேவைப்பட்டால் பொறியை எந்நேரமும் அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம். திரட்டிய ஆற்றலைக் கம்பெனி வெளியாருக்கு விற்கும்!

கூலி? இல்லை. பொறி தேய்ந்தால்? கேட்பாரில்லை. மின்கட்டணம்? பொறி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தலையில்! எதிர்ப்புக் குரல் கிளம்பியது. திட்டம் பெரிய வியாபாரமாக வளரவில்லை. அந்த ஆண்டே ஜூனோ இன்னொரு கம்பெனியுடன் இணைந்துவிட்டது. ஆனால் அந்த வரிகளில் வெளிப்பட்ட மனப்பான்மை மறையவில்லை. படிக்க முடியாத நீளத்தில் ஒப்பந்தம், நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு வரி, அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். கைநாட்டு வாங்கிய பழைய கடன் பத்திரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே கட்டைவிரலில் மை; இங்கே மை இல்லை!

விநாடிக்கு 59 சென்ட்

இதே ஆண்டில், இதே அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு தொழிற்கல்லூரியில் கணிப்பொறிகளைக் கவனித்துவந்த ஊழியர் ஒருவர், கல்லூரிப் பொறிகளில், சங்கேதப் பூட்டை உடைக்கும் பொதுக் கணக்குப் போட்டி ஒன்றின் மென்பொருளை ஏற்றியிருந்தார். பொறிகள் ஓய்ந்திருக்கும்போது ஓடுகிற மென்பொருள்தான். கணிப்பொறித் திருட்டு என்று மாநில அரசு 2001-ல் அவர்மீது வழக்குப் போட்டது.

இழப்பை எப்படிக் கணக்கிட்டார்கள்? விநாடிக்கு 59 சென்ட்! மொத்தம் 4 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்கு மேல்! பல ஆண்டுச் சிறை என்ற கத்தி அந்த ஊழியரின் தலைக்குமேல் தொங்கியது. எதிர்ப்பு வலுத்தது. 2002 ஜனவரியில், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர் ஈடு, 80 மணி நேர சமூகப்பணி என்று சமரசமாக முடிந்தது.

அனுமதி கேளாமல் பிறர் பொறியில் கை வைக்கலாகாது. அதில் நமக்கு ஐயமில்லை. நாம் பார்க்கவேண்டியது தராசை! கல்லூரியின் ஓய்ந்த பொறியை ஓர் ஊழியர் ஓடவிட்டால் விநாடிக்கு 59 சென்ட். மக்களின் ஓய்ந்த பொறிகளை ஒரு கம்பெனி ஓடவிட்டால் விநாடிக்கு ஒன்றுமில்லை! ஒரே பொறி, ஒரே ஓய்வு, ஒரே நாடு. விலை மட்டும் இரண்டு! உடைமை யாருடையது என்பதைப் பார்த்துத்தான் 'சும்மா' என்ற சொல்லுக்குப் பொருள் மாறுகிறது.

கேளாமல் எடுத்தவர்கள்

ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது எழுதினார்களே என்று ஆறுதல் கொள்ளும்படி அடுத்து வந்தவர்கள் நடந்துகொண்டார்கள். 2002-ல், பாட்டுகளைப் பரிமாறப் பயன்பட்ட கசா என்ற மென்பொருளோடு வேறொரு கம்பெனியின் மென்பொருளும் ஒட்டிக்கொண்டு பொறிகளுக்குள் போயிருந்தது தெரியவந்தது. காலம் வரும்போது அதை எழுப்பி, அந்தப் பொறிகளின் ஆற்றலை விற்பது நோக்கம்.

2017 செப்டம்பரில் 'காயின்ஹைவ்' வந்தது. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும். திறந்தவரின் பொறி 'மொனேரோ' என்ற இணைய நாணயத்துக்காகக் கணக்குப் போடத் தொடங்கும். கிடைத்ததில் 70 விழுக்காடு பக்கத்தை நடத்துபவருக்கு. 30 விழுக்காடு காயின்ஹைவுக்கு. பொறிக்கும் மின்சாரத்துக்கும் சொந்தக்காரருக்கு? சுழியம்! நூற்றுக்கு நூறையும் இருவர் பங்கிட்டார்கள். பாடுபட்டது மூன்றாமவரின் பொறி!

2018 பிப்ரவரியில் இன்னொரு வேடிக்கை. பார்வைக் குறையுள்ளோருக்குப் பக்கங்களை வாசித்துக் காட்டும் ஒரு துணைக்கருவிக்குள் யாரோ இந்த நிரலைச் செருகிவிட்டார்கள். அந்தக் கருவியைப் பயன்படுத்திய 4,000-க்கு மேற்பட்ட இணையத்தளங்கள், வந்தவர்களின் பொறிகளைத் திருட்டு வேலை வாங்கின. பிரிட்டனில் மக்களின் தகவல்களைக் காக்கவென்றே இருக்கும் ஆணையரின் தளமும் அவற்றில் ஒன்று! 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது. ஆனால் கேளாமல் பொறியை வேலை வாங்கும் திருட்டு மென்பொருள்கள் அதோடு ஒழிந்துவிடவில்லை.

தமது உபரிக்கு அவர்கள் எழுதிய பத்திரம்

பெரிய கம்பெனிகள் தங்கள் உபரியை எப்படி நடத்துகின்றன? அமேசான் கம்பெனி 2006-ல் கணிப்பொறி ஆற்றலை வாடகைக்கு விடத் தொடங்கியது. விற்காமல் எஞ்சும் ஆற்றலுக்கென்று 2009 டிசம்பரில் தனிச் சந்தையே திறந்தது. சும்மா கிடப்பதுதானே என்று யாருக்கும் அள்ளிக் கொடுத்ததா? இல்லை! தேவை கூடினால் விலை கூடும். தேவை குறைந்தால் விலை குறையும். ஓடிய நேரம் அளக்கப்படும். அளந்ததற்குப் பணம் வாங்கப்படும். தமக்கே தேவை வந்தால் இரண்டு நிமிட முன்னறிவிப்புடன் பொறியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

விலை உண்டு, அளவை உண்டு, திருப்பிக்கொள்ளும் உரிமை உண்டு. முதலாளி தம் ஓய்ந்த பொறிக்காக எழுதிய பத்திரத்தில் இம்மூன்றும் இருக்கின்றன. ஜூனோ எழுதிய பத்திரத்தில் இம்மூன்றும் இல்லை. பாடம் இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

வீட்டுப் பொறிக்கும் சந்தை அமைப்போம் என்று பின்னாளில் சிலர் கிளம்பினார்கள். போலந்து நாட்டவர் தொடங்கிய 'கோலம்' அவற்றில் ஒன்று. நம் வாசலில் போடும் கோலமல்ல, பெயர் மட்டும் அப்படி ஒலிக்கிறது! 2016 நவம்பரில் தன் இணைய நாணயத்தை விற்று, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் 8 லட்சத்து 20 ஆயிரம் ஈதர் திரட்டியது. அன்றைய மதிப்பில் 80 லட்சம் டாலருக்கு மேல். பொறிகளை வாடகைக்கு விடும் முதல் பொதுப் பதிப்பு வந்ததோ 2018 ஏப்ரலில்! தறி ஓடும் முன்பே பங்குச் சந்தை ஓடியது. இடைத்தரகர் இல்லாத சந்தை என்ற கனவு நல்ல கனவு. ஆனால் கூலி, விலை ஏறி இறங்கும் நாணயத்தில் வருமானால், கூலிக்காரன் தெரியாமலே சூதாட்டக்காரன் ஆகிறான்.

மீட்டர் சொல்லும் உண்மை

"பொறி எப்படியும் ஓடுகிறதே, கூடுதலாக என்ன செலவு?" என்பார்கள். ஓய்ந்திருக்கும் பொறி குறைவாக மின்சாரம் குடிக்கும். கணக்குப் போடும் பொறி அதிகம் குடிக்கும். ஒரு கணக்குக்காகக் கூடுதல் 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாதம் 30 யூனிட்; ஆண்டுக்கு 365 யூனிட். சூடு ஏறும், விசிறி தேயும், கைபேசியானால் பேட்டரி சீக்கிரம் சாகும். செல்வர் வீட்டுக்கு இது தூசு. ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணி விளக்கணைக்கும் வீட்டுக்கு இது அரிசிக் கணக்கு!

ஆகவே 'உபரி' என்று அவர்கள் சொல்வது உபரி அல்ல. நம் மின்சாரம், நம் கருவி, நம் கருவியின் ஆயுள்; மூன்றையும் சேர்த்து அவர்கள் வைத்த செல்லப்பெயர்தான் உபரி!

நாம் கேட்க வேண்டியவை

பொறியை உடைக்கச் சொல்லவில்லை. இணையத்தை வெறுக்கச் சொல்லவில்லை. கூட்டாகக் கணக்கிடும் இந்த முறை மனித குலத்துக்குக் கிடைத்த நல்ல கருவி. கருவி யார் கையில் என்பதுதான் கேள்வி. ஓய்ந்த ஆற்றலைக் கேட்டு யார் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: எதற்கு? என்ன கணக்கு, யாருக்காக என்று தாய்மொழியில் தெளிவாகச் சொல்.

இரண்டு: எவ்வளவு? எத்தனை நேரம் ஓடியது, எவ்வளவு மின்சாரம் தின்றது என்ற அளவு எங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். எடை போடும் தராசு எடுப்பவன் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பருத்தி விற்றவர்களையும் கரும்பு விற்றவர்களையும் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று: நிறுத்தலாமா? நினைத்தபோது நிறுத்தும் உரிமை, ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கட்டும். அந்த உரிமையை அமேசான் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறது, நமக்கும் வேண்டும்.

நான்கு: விளைச்சல் யாருக்கு? பொதுவுக்கென்றால் ஊரறிய வெளியிடு. இலாபத்துக்கென்றால் பங்கைக் கொடு.

நடக்காத காரியமா இது? கிம்ப்ஸ் நடத்துவோர், ஒரு கோடி இலக்கப் பகா எண்ணுக்கென அறிவிக்கப்பட்டிருந்த 1 லட்சம் டாலர் பரிசை எப்படிப் பங்கிடுவதென முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்: கண்டுபிடித்த பொறிக்கு 50,000, அறப்பணிக்கு 25,000, மீதியில் பெரும்பகுதி முன்பு மற்ற எண்களைக் கண்டவர்களுக்கு. 2008-ல் அந்த எண் கிடைத்தது. 2009-ல் பரிசும் வந்தது. ஐ.பி.எம். 2004-ல் தொடங்கிய 'உலக சமுதாய வலை', மக்கள் பொறிகளில் விளைந்த ஆராய்ச்சி முடிவுகள் பொதுவுக்கே என்று விதி வைத்தது. மனமிருந்தால் விதி எழுத முடியும் என்பதற்கு இவை சாட்சி.

மனமில்லாதவரை எழுத வைப்பது சங்கத்தின் வேலை. ஒரு வீட்டுப் பொறி தனியே நின்று விலை பேச முடியாது. ஒரு தறிகாரர் தனியே நின்று கூலி பேச முடியாததுபோல. லட்சம் பொறிகள் ஒன்றாய் நின்றால் பேச முடியும். சங்க அலுவலகத்தில், படிப்பகத்தில், பிள்ளைகள் இருக்கும் வீட்டில், 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் மேற்படி நான்கையும் கேட்கப் பழக்குவோம். பொறி காரணமில்லாமல் சூடேறினால், விசிறி ஓயாமல் இரைந்தால், உள்ளே யாரோ வேலை வாங்குகிறார்களோ என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்போம்.

நோய்க்கு மருந்து தேடுவோர் கேட்டால், மனமார ஓடவிடுவோம். வணிகர் வந்தால், விலை பேசுவோம். கொடை கொடையாக இருக்கட்டும். கூலி கூலியாக இருக்கட்டும். கொடை என்று வாங்கிச் சந்தையில் விற்பவனுக்கு, நம் வீட்டுப் பொறியில் ஒரு விநாடியும் இல்லை!